சைவக்காரர் வீட்டு நாய்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எழுத உட்கார்ந்தால் எனக்கு நித்திரை வரும். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான்; இங்கே வந்து சேர்ந்த பொலிடெக்னிக் படிப்பையும் பாதியில் விட்டவன் நான். ஆனால் அக்கா இந்தக் கதையைச் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லிக்கொண்டு வருகிறாள். போன கிழமை சொன்னபோது அவளே துப்பறிவாளர் ஆகிவிட்டாள். இன்னும் கொஞ்சம் விட்டால் நாயும் அவள்தான் என்று கதை முடியும். அதனால் எழுதுகிறேன். பெயர் எதுவும் போடக்கூடாது என்பது அவளுடைய உத்தரவு. நாயின் பெயரையுமா என்று கேட்டேன்.

"நாயின்ர பேரையும் போடாத. அந்த ஊரில நாயின்ர பேரைச் சொன்னா வீட்டைக் காட்டி விட்டிடுவாங்கள்."

அது உண்மை.

ஒக்லாந்து என்றால் த்ரீ கிங்ஸ், நியூ லின், கடைத்தெரு, நெரிசல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மோட்டர்வேயை விட்டுத் தெற்கே இறங்கி, வெங்காயத் தோட்டங்களின் சிவப்பு மண்ணைத் தாண்டி, இன்னும் ஒரு மேடு ஏறினால் அந்த ஊர். அதுவும் ஒக்லாந்துதான் என்று வரைபடம் சொல்கிறது. ஊரைக் கேட்டால் ஒத்துக்கொள்ளாது. இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த விவசாயிகள், விட்டு வந்த ஊரைச் சுருட்டிக் கையோடு கொண்டுவந்து, வேறு ஆட்களுடைய மலைச்சரிவில் பாய் மாதிரி விரித்து வைத்திருந்தார்கள். ஓக் மரங்கள், கூரான தலையோடு ஒரு வெள்ளை மரத் தேவாலயம், அதற்கு எதிரே ஊர் மண்டபம், மண்டப வாசலில் போரில் செத்தவர்களுக்கு ஒரு கல். கல்லில் இருக்கிற அதே குடும்பப் பெயர்கள்தான் வீட்டு வாசல்களில் உள்ள தபால் பெட்டிகளிலும் இருந்தன. ஒரேயொரு கடை. பாணும் பாலும் ஆட்டுத் தீனும் ஒரே கூரைக்குக் கீழே விற்பார்கள். வாசலில் சேற்றோடு கழற்றி விட்ட கம்பூட்ஸ் ரப்பர் சப்பாத்து வரிசையைப் பார்த்தே உள்ளே யார் நிற்கிறார்கள் என்று ஊரவர்கள் சொல்லிவிடுவார்கள்.

வேலிகள்தான் எனக்கு முதலில் சந்தேகத்தைக் கொடுத்தன. பிறந்த ஊரில் எங்கள் பக்கத்து வேலிக்குள்ளால் பார்த்தால் குசினி தெரியும், சண்டை கேட்கும். இங்கே வேலி என்றால் ஆள் உயரத்துக்கு உயிர்ச்செடி. முடிவெட்டுகிறவன் கையில் அகப்பட்ட மாதிரி மேலே தட்டையாக வெட்டியிருப்பார்கள். உள்ளே ஒன்றும் தெரியாது. ஆனால் உள்ளே நிற்கிறவருக்கு வெளியே எல்லாம் தெரியும். வீடுகள் எல்லாம் மேட்டில். தெரு பள்ளத்தில். அந்தத் தெருவால் ஒரு புதுக் கார் போனால் மேட்டில் இருக்கிற ஒவ்வொரு ஜன்னலுக்கும் அது பொழுதுபோக்கு. மேட்டின் உச்சியில் நின்றால் தூரத்தில் மனுக்காவ் குடாவின் சேற்றுக் கடல் ஈயத்தகடு மாதிரிக் கிடக்கும். அதை யாரும் நின்று பார்த்து நான் காணவில்லை. பார்க்க வேறு விஷயம் இருந்தது. நாங்கள் இருந்தோம்.

நாங்கள் என்றால் அக்கா, அத்தான், நான், நாய். அத்தானுக்கு அங்கே ஒரு தக்காளிப் பண்ணையின் கண்ணாடி வீடுகளில் வேலை கிடைத்தது, வேலையோடு வீடும். நான் வெங்காயம் தரம் பிரிக்கிற கொட்டகையில் சேர்ந்தேன். அத்தான் மன்னார்க்காரர். மனிசரோடு கதைத்தால் செலவாகும் என்று நினைக்கிற ஆள். நாயோடு மட்டும் வாய் மூடாமல் கதைப்பார். நகரசபைக் காப்பகத்திலிருந்து கூட்டி வந்த கலப்பு நாய் அது. தாடை பெரிசு, மனசு சின்னப் பிள்ளை. இங்கிலீஷ் ஊரில் தமிழ் மட்டும் தெரிந்த ஒரே நாய். "இரு" என்றால் இருக்கும். "சிட்" என்றால் முகத்தைப் பார்க்கும்.

ஊரவர்கள் கெட்டவர்கள் இல்லை, கெட்டவர்கள் என்றால் எனக்கு எழுத லேசாக இருந்திருக்கும். எதிரே வாகனத்தில் வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார்கள். அதுதான் அங்கே வணக்கம். கை முழுவதையும் தூக்கினால் வீண் செலவு போல. முதல் நாள் எனக்கு அது தெரியாமல் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டு, காரை வாய்க்கால் பக்கம் விட்டேன். பார்த்தவர் சிரிக்கவில்லை. அடுத்த நாள் கடையில் முகம் தெரியாத ஒருவர் "வாய்க்காலில் தண்ணி எப்படி?" என்று கேட்டார். அவரும் சிரிக்கவில்லை. அவர்கள் பேசியது இங்கிலீஷ். நான் எங்கள் தமிழில் போடுகிறேன், எனக்கு வருவது அதுதான்.

எவரும் எங்களிடம் நேரே ஒன்றும் கேட்கமாட்டார்கள். "எவ்வளவு காலம் இருக்கிறதாக யோசனை?" என்பது மட்டும் எல்லாரும் கேட்ட கேள்வி. ரயிலில் பக்கத்தில் இருக்கிறவரிடம் எங்கே இறங்குவீர்கள் என்று கேட்கிற மாதிரி, தங்களுக்கு இடம் வேண்டும் என்ற தொனியில்.

எல்லாம் பிழைத்தது ஊர் மண்டபத்து விருந்தில். ஆளுக்கொரு சாப்பாடு செய்து கொண்டுபோக வேண்டும். அக்கா கடலை வடை சுட்டுக்கொண்டு போனாள். நடு மேசையில் பெரிய மாட்டுத் தொடை ஒன்று. அதை நின்று வெட்டியவர் எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர். அவர் வளர்த்த மாடு, அவர் வீட்டு அடுப்பு, அவர் கையிலேயே கத்தி. எழுபது வயது தாண்டிய ஆள், கதவு நிலையில் தலை முட்டுகிற உயரம், முகத்தில் என்ன நினைக்கிறார் என்று ஒரு நாளும் எழுதியிருக்காது. ஒரு துண்டைக் கத்தி முனையில் எடுத்து அக்காவின் தட்டுக்கு நேரே நீட்டினார்.

அக்கா மாடு சாப்பிடமாட்டாள். ஆடு என்றால் எலும்பையும் விடமாட்டாள். அதை அவரிடம் விளங்கப்படுத்தத் தைரியம் வராமல், "நாங்கள் சைவம்" என்று சொல்லிவிட்டாள். எனக்குப் பக்கத்தில் அத்தானுக்குப் புரைக்கேறியது.

திரும்பி வரும்போது காருக்குள் நான் விடவில்லை.

"அக்கா, எப்ப தொடக்கம் நாங்கள் சைவம்?"

"சும்மா இரடா. அவர் வளத்த மாட்டை அவருக்கு முன்னால வேண்டாமெண்டு சொல்லேலுமே? சைவமெண்டா ஒருத்தரும் கோவிக்கமாட்டினம்."

"மாடு மட்டும் சாப்பிடுறேல்ல எண்டு சொல்லியிருக்கலாமெல்லோ?"

"பிறகு ஏன் எண்டு கேப்பினம். பிறகு ஆட்டுக்கு மட்டும் ஏன் விதிவிலக்கெண்டு கேப்பினம். நீ பதில் சொல்லுவியே?"

அத்தான் ஒரே வசனத்தில் தன் கவலையைச் சொன்னார். "அப்ப ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக்கறி?"

விடிந்ததும் எங்கள் படலைத் தூணில் ஒரு பூசணிக்காய் இருந்தது. யார் வைத்தது என்று தெரியாது. அடுத்த கிழமை ஒரு பை கீரை. பிறகு மறுபடி பூசணி. கதவைத் தட்டவில்லை, சொல்லவில்லை, வைத்துவிட்டுப் போனார்கள். அந்த ஊரின் அன்பும் அப்படித்தான், ஆளைக் காட்டாது. நாங்கள் ஊர் முழுவதுக்கும் சைவக்காரர் ஆகிவிட்டோம். இனி மாற முடியாது.

அதனால் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் கள்ளக்கடத்தல் ஆகின. மவுண்ட் ரொஸ்கில் பக்கம் போய் ஆட்டிறைச்சி வாங்கி, குளிர்ப்பெட்டியில் வைத்து, மேலே போர்வை மூடி, ஊருக்குள் நுழையும்போது எல்லாருக்கும் விரல் தூக்கிக்கொண்டு வருவோம். ஜன்னல்களைப் பூட்டிவிட்டு அக்கா சமைப்பாள். வறுத்த தூளின் காரம் வெளியே போக வழியில்லாமல் எங்கள் கண்ணுக்குள் போகும். புகை எச்சரிக்கை மணி அலறும். அதன் வாயில் நான் துவாயைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் நிற்பேன். சாப்பிட்ட பிறகும் ஒரு சிக்கல்: எலும்பு. குப்பைப் பையைத் தெருவோரம் வைக்க வேண்டும். பையைப் பூனை கிழித்தால் ஊருக்கு விஷயம் தெரிந்துவிடும். அத்தான் அதற்கு வழி கண்டுபிடித்தார். எலும்பெல்லாம் நாய்க்கு.

மாரி வந்தது. ஓக் மரங்கள் இலை கொட்டி, எலும்புக்கூடு மாதிரி நின்றன. காலையில் பள்ளத்தில் மூடுபனி பால் மாதிரித் தேங்கி நிற்கும். அதற்கு மேல் செம்மறிகளின் முதுகு மட்டும் மிதக்கும். அது குட்டி போடுகிற காலம். பக்கத்துப் பண்ணைக்காரரின் செம்மறிகள் எங்கள் வீட்டுப் பின்பக்கத்துக் கோடி வேலிக்கு அந்தப் பக்கம்தான். புதுக் குட்டிகள் கால் தெரியாமல் விழுந்து எழும்புவதை வேலைக்குப் போகமுன் நின்று பார்ப்பேன்.

ஒரு நாள் எதிரே வந்த வாகனத்துக்கு நான் விரல் தூக்கினேன். எதிரே விரல் எழும்பவில்லை. கவனிக்கவில்லை என்று நினைத்தேன். அடுத்த வாகனத்திலும் எழும்பவில்லை. அன்றைக்குக் கடைக்குப் போனபோது உள்ளே கேட்டுக்கொண்டிருந்த கதை நின்றது. கடைக்காரப் பெண்மணி பாணைப் பையில் போட்டபடி, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"உங்கள் நாய் இரவில் எங்கே படுக்கிறது?"

"ஏன், உங்களிடம் கட்டில் இருக்கா?" என்றேன். என் வாய் அப்படி.

அவள் சிரிக்கவில்லை. "பக்கத்துப் பண்ணையில் குட்டிகளை ஏதோ கடித்துப் போட்டிருக்கிறது. செம்மறி கடிக்கிற நாயை இங்கே யாரும் நகரசபைக்கு அறிவித்துக்கொண்டு இருக்கமாட்டார்கள்." மிச்சக் காசைக் கையில் தராமல் மேசையில் வைத்தாள்.

வீட்டில் வந்து சொன்னேன். அத்தான் எழும்பிப் போய் நாயின் வாயைத் திறந்து பார்த்தார். அதன் கால்களைப் பார்த்தார். அன்றிலிருந்து நாயை வீட்டுக்குள்ளே, தன் கட்டிலுக்குப் பக்கத்தில் கட்டிப் படுக்க வைத்தார். நான் அவரைப் பார்த்தேன். நாயை நம்புகிற ஆள் ஏன் வாயைத் திறந்து பார்க்கிறார்?

ஊர் எங்களைச் சந்தேகித்தது. நாங்கள் நாயைச் சந்தேகித்தோம். அக்கா கால் துடைக்கிற விரிப்பில் மயிர் கிடந்தால் குனிந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, செம்மறி மயிரா தன் தலைமயிரா என்று பார்த்தாள். நாய் மட்டும் எல்லாரையும் நம்பிக்கொண்டு வாலை ஆட்டியது. கட்டில் காலில் கட்டினதும் போதவில்லை, அத்தான் விடிய எழும்பி வேலைக்குப் போனதும் அது கயிற்றைக் கழற்றிக்கொண்டு கதவோட்டையால் வளவுக்குப் போய்விடும். அக்கா சத்தம் போட்டால் வரும். சில நேரம் கோடி வேலிப் பக்கமிருந்து மெதுவாக வரும்.

ஒரு திங்கட்கிழமை காலை, மூடுபனி கலையமுன் பண்ணைக்காரர் எங்கள் படலையில் நின்றார். வாகனத்தின் பின்கண்ணாடிக்குப் பின்னால் வேட்டைத் துவக்கு படுத்திருந்தது. அவர் அதைக் காட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை. வாகனத்தின் திறந்த பின்தட்டில் அவருடைய கறுப்பு மேய்ப்பு நாய் சங்கிலியோடு இருந்தது. அன்று அத்தானுக்கு லீவு. நல்லகாலம்.

"விடியப்புறம் இன்னும் குட்டிகள் போய்விட்டன," என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. எனக்குப் பயம் வந்ததே அதனால்தான். "நாயின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் தெரியும். நீங்கள் சம்மதித்தால்."

சட்டைப்பையிலிருந்து சலவைச் சோடாக் கட்டி ஒன்றை எடுத்தார். தொண்டைக்குள் போட்டால் நாய் உள்ளே இருப்பதையெல்லாம் கக்கிவிடுமாம். கம்பளி மயிரோ இறைச்சியோ இருந்தால் அவர் வாகனத்துக்குத் திரும்பிப் போவார். எதற்குப் போவார் என்று சொல்லவில்லை.

அவர் இங்கிலீஷில் சொன்னதை நான் அத்தானுக்கு மெதுவாகத் தமிழில் சொன்னேன், அவருக்கு விளங்காமல் இல்லை, எனக்கு நேரம் வேண்டியிருந்தது. அத்தான் நாயைப் பார்த்தார்.

"பாக்கட்டும். இவன் ஒண்டும் செய்யேல்ல."

தானே நாயின் தலையை மடியில் வைத்து வாயைப் பிளந்தார். "ஒண்டுமில்லையடா ராசா, முழுங்கு, முழுங்கு," என்று அதன் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அக்கா என் கையைப் பிடித்து நுள்ளினாள்.

"டேய். நேற்று ஞாயிறு."

அதற்குள் சோடா உள்ளே போய்விட்டது. நாய் நாலு அடி நடந்தது, குனிந்தது, புல்லில் கக்கியது. ஆடு. எலும்பும் சவ்வும் இறைச்சியுமாக.

பண்ணைக்காரர் குந்தியிருந்து பார்த்தார். ஒரு குச்சியால் கிளறினார். "செம்மறி," என்றார். பிறகு நிமிர்ந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "நீங்கள் சைவம்."

அவர் வாகனத்தின் பக்கம் திரும்பினார். அத்தான் நாயின் மேல் கவிழ்ந்து படுத்தே விட்டார். அப்படி ஒரு சத்தத்தை அவரிடமிருந்து நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அக்கா உள்ளே ஓடினாள். ஓடிப்போய்ப் பயத்தில் கதவைப் பூட்டிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் ஃப்ரிட்ஜில் இருந்த சட்டி. மூடியைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நான் பொய் சொன்னேன்," என்றாள் இங்கிலீஷில். "நாங்கள் சைவம் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஆடு சமைக்கிறேன். நாய் தின்றது இதைத்தான்."

"அண்டைக்கு மண்டபத்தில..." என்று நான் தொடங்கினேன்.

"நீ வாயை மூடு," என்றாள் என்னிடம் தமிழில்.

அவர் சட்டிக்குள் பார்த்தார். புல்லில் பார்த்தார். மறுபடி குந்தி, வெறுங்கையால் ஒரு எலும்பைத் தூக்கினார். மஞ்சள் பிடித்த எலும்பு. அதில் ஒரு கறிவேப்பிலை முழுசாக ஒட்டியிருந்தது. இலையை உரித்து மூக்கில் பிடித்தார். எலும்பின் முனையைப் பெருவிரலால் தடவினார். இறைச்சிக்கடை வாள் அறுத்த நேரான வெட்டு. பல்லால் அப்படி வெட்ட முடியாது. பிறகு சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. தூள் அப்படி.

"கிழட்டுச் செம்மறி," என்றார் இருமிக்கொண்டே. "எனக்குப் போனது போன கிழமை பிறந்த குட்டிகள்."

அக்கா அப்போதும் சட்டியைத் தாழ்த்தவில்லை. ஆட்டிறைச்சி வாங்கியது நாங்கள், கிழட்டுச் செம்மறி என்கிறாரே, கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா என்று அவள் முகத்தில் இன்னொரு சந்தேகம் ஓடியதைக் கண்டேன்.

அவர் கையைப் புல்லில் துடைத்தார். மன்னிப்பு என்ற சொல் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "சமைத்த எலும்பை நாய்க்குப் போடக்கூடாது. குடலைக் கிழிக்கும்," என்றார். வாகனத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அத்தான் நாயைக் கட்டிப்பிடித்தபடி ஈரப் புல்லிலேயே இருந்தார். அவர் உடுப்பெல்லாம் மஞ்சள்.

அன்று மத்தியானம், நான் வளவில் நின்றபோது மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. ஒன்றுதான். ஓக் மரத்து மைனாக்கள் எழும்பிச் சுற்றிவிட்டுத் திரும்ப இருந்தன.

அடுத்த நாள் தெருவில் அவருடைய வாகனத்தைக் கண்டேன். தட்டில் சங்கிலி மட்டும் உருண்டுகொண்டு கிடந்தது. கடைக்காரப் பெண்மணி கேட்காமலே சொன்னாள், பாணைப் பார்த்துக்கொண்டு. "வீட்டுக்குப் போனதும் மிச்சச் சோடாவைத் தன் நாய்க்குக் கொடுத்தாராம். கம்பளிதான் வந்ததாம். பதினொரு வருஷம் அவரோடு இருந்த நாய்." பிறகு உடனே, "மழை விட்டால் நல்லது," என்றாள். கடையில் நின்ற எல்லாரும் ஓம் மழை விட்டால் நல்லது என்று தலையாட்டினார்கள். அதோடு அந்தக் கதை அந்த ஊரில் முடிந்தது. ஒருவரும் அவரிடம் அதைப் பற்றிக் கேட்டிருக்கமாட்டார்கள் என்று நான் எழுதிக் கொடுப்பேன்.

அத்தானுக்கு விரல்கள் திரும்ப எழும்பின. சிலர் இரண்டு விரல் கூடத் தூக்கினார்கள். எனக்கும் தூக்கினார்கள். அக்காவுக்கு மட்டும் இல்லை. நாய் குற்றவாளி இல்லைதான், ஆனால் மண்டபத்தில் அத்தனை பேருக்கு முன்னால் பொய் சொன்னது அவள். படலைத் தூணில் பூசணிக்காய் வருவதும் நின்றது. அக்கா அதற்கு ஒரு கிழமை கோபமாக இருந்தாள். "கொலைக்கேசில இருந்து நாயைக் காப்பாத்தினது நான். எனக்கு ஒரு விரலில்லை," என்று ஜன்னலைப் பூட்டாமலே இறைச்சிக்கறி சமைத்தாள்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. எங்கள் நாய் அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. விடிந்ததும் கோடி வேலிக்குப் போய், பண்ணைக்காரரின் வளவைப் பார்த்தபடி படுத்துவிடும். அத்தான் கூப்பிட்டாலும் காதை மட்டும் ஆட்டும். சோடா குடித்த வயிற்றுநோ என்று அக்கா சொன்னாள். துவக்குச் சத்தத்துக்குப் பயந்துவிட்டது என்று அத்தான் சொன்னார். நியூ லின்னில் தொலைபேசிக் கடையில் வேலை செய்கிற என் சிநேகிதனுக்கு முழுக் கதையையும் குரல் பதிவாக அனுப்பினேன், எங்கள் நாய் எப்படி நிரபராதி ஆனது என்று நல்லாக இழுத்து, நடித்து, அக்காவின் குரலெல்லாம் போட்டு. வேலிப் பக்கம் அது போய்ப் படுக்கிறதையும் கடைசியில் சொன்னேன். பதில் வந்தது.

"மச்சான், ரெண்டு நாயும் சேந்து போயிருந்தா?"